ரிங் போதுமா, ரீபோர் வேண்டுமா, லைனர் இறக்க வேண்டுமா?

கீழக்கரையிலோ தொண்டியிலோ வீட்டுக் கொட்டகையில் ஏழெட்டு வருஷம் நின்றுபோன அம்பாசிடரை மறுபடி ரோட்டுக்குக் கொண்டுவர நினைப்பவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் வந்து தடுமாறுகிறார்கள். ஹெட்டைக் கழற்றியாயிற்று. சிலிண்டருக்குள் செங்கல் நிறத்தில் ஒரு வளையம் தெரிகிறது. "ரிங்க மட்டும் மாத்துவோம்ணே, ஓடிரும்" என்கிறார் ஒரு மெக்கானிக். "மதுரைக்கு அனுப்பி போர் போட்ருங்கண்ணே" என்கிறார் இன்னொருவர். மூன்றாமவர், லைனர் இறக்கி ஸ்டாண்டர்டுக்கே கொண்டுவந்துவிடலாம் என்கிறார். ரிங் என்பது பிஸ்டனைச் சுற்றிச் சிலிண்டர் சுவரோடு ஒட்டி நிற்கும் வளையம். போர் என்பது சிலிண்டர் துளை; அதை அகலமாகக் கடைவது ரீபோர். லைனர் அந்தத் துளைக்குள் இறக்கும் புதுக் குழாய்; ஸ்டாண்டர்டு என்றால் கம்பெனி அளவு. மூவரில் யார் சொல்வது சரி என்பது பிளாக்குக்கு பிளாக் மாறும். அளந்து பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது.

இங்கே உதாரணத்துக்கு இரண்டு இன்ஜின்களை எடுத்துக்கொள்கிறோம். அம்பாசிடரின் 1489 சிசி பி-சீரீஸ் பெட்ரோல்: போர் (துளையின் விட்டம்) 73.025 மி.மீ., அதாவது 2⅞ அங்குலம், ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம்) 88.9 மி.மீ. பிரீமியர் பத்மினியின் 1089 சிசி: போர் 68, ஸ்ட்ரோக் 75 மி.மீ. முறை இரண்டுக்கும் ஒன்றே.

முடிவெடுக்கப் பார்க்க வேண்டியவை

இன்ஜின் இறுகி நின்றிருந்தால், கியரில் போட்டு வண்டியைக் கட்டி இழுக்காதீர்கள். துருவோடு ஒட்டிய ரிங் உடைந்து போரைக் கீறிவிடும்; ரிங் வேலையோடு முடிந்திருக்க வேண்டியது ரீபோரில் போய் நிற்கும். மண்ணெண்ணெயும் இன்ஜின் ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்து, சிலிண்டருக்கு இரண்டு மூடி ஊற்றி, மூன்று நான்கு நாள் ஊறவிட்டு, கிராங்க் நட்டில் ஸ்பேனர் வைத்து முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாக அசைத்து விடுவியுங்கள்.

பிஸ்டன்கள் வெளியே வந்ததும் பார்க்க வேண்டியவை இவை:

போர் தேய்மானம். போர் டயல் கேஜால் ஒவ்வொரு சிலிண்டரையும் மேலே, நடுவே, கீழே என மூன்று உயரத்திலும், ஒவ்வொரு உயரத்தில் கிராங்குக்கு நேராகவும் குறுக்காகவும் அளக்க வேண்டும். டயல் கேஜ் கைவசம் இல்லையென்றால் ஒரு ரிங்கும் ஃபீலர் கேஜுமே ஓரளவு சொல்லிவிடும். ரிங்கைப் போரின் அடியில் இறக்கி, பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்து அதன் தட்டையான தலையால் தள்ளி நேராக்கி, வாய் இடைவெளியை (ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி) அளக்கவும். அதே ரிங்கை மேல் படிக்கு (ரிங் எட்டாததால் தேயாமல் நின்ற விளிம்பு) சற்றுக் கீழே வைத்து மறுபடி அளக்கவும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 3.14ஆல் வகுத்தால் தேய்மானம். அடியில் 0.30, மேலே 0.70 என்றால் வித்தியாசம் 0.40, போர் மேலே ஏறக்குறைய 0.13 மி.மீ. அகன்றிருக்கிறது. போர் முட்டை வடிவமாகியிருப்பதை மட்டும் இந்த முறை காட்டாது.

துருக்குழி. உப்புக்காற்றில் நின்ற வண்டிக்குத் தேய்மானத்தைவிட இதுதான் பெரிய கேள்வி. வண்டி நிற்கும்போது ஏதாவது ஒரு சிலிண்டரில் எக்ஸாஸ்ட் வால்வு திறந்தே இருக்கும். சைலன்சர் வழியாக ஈரம் உள்ளே வந்து, ரிங் நின்ற இடத்தில் வட்டமாகத் துரு தின்னும். லேசாக ஹோன் (போரைத் தேய்க்கும் கல்) ஓட்டிய பிறகு அந்த வட்டத்தில் நகத்தை ஓட்டுங்கள். கறை மட்டும் தெரிந்து நகம் வழுக்கிப் போனால் பயமில்லை. நகம் மாட்டினால் குழி. ரிங் ஓடும் தூரத்தின் மேற்பகுதியில் மாட்டினால் அந்தச் சிலிண்டருக்கு ரிங் வேலை உதவாது. ரிங் எட்டாத அடிப்பகுதியில் மாட்டினால் விட்டுவிடலாம்.

தண்ணீர் ஜாக்கெட், அதாவது சிலிண்டர்களைச் சுற்றித் தண்ணீர் ஓடும் அறை. பலரும் பார்க்காமல் விடுவது இதைத்தான். இந்தக் கரையில் போர்வெல் தண்ணீர் பல இடங்களில் உப்பு; ரேடியேட்டருக்கு அதையே ஊற்றி ஓட்டிய வண்டிகள் நிறைய. பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் கோர் பிளக் தகடுகளைத் தட்டிக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். சிலிண்டரின் வெளிச்சுவரில் துரு ஏடு ஏடாக உரிந்தால், சுவர் வெளியிலிருந்து மெலிந்து வந்திருக்கிறது என்று அர்த்தம். ரீபோர் அதே சுவரை உள்ளேயிருந்து மெலிய வைக்கும்.

இவற்றோடு பழைய பிஸ்டனின் குரூவும் (ரிங் உட்காரும் காடி) ஸ்கர்ட்டும் (பிஸ்டனின் கீழ்ப்பகுதி) எப்படி இருக்கின்றன, உங்கள் அளவில் செட் கிடைக்கிறதா, வண்டி வருஷத்துக்கு எவ்வளவு ஓடப்போகிறது என்பதும் சேரும்.

வழி 1: பழைய பிஸ்டன், புதிய ரிங்

மேலே தேய்மானம் 0.08 மி.மீ.க்குள், குழி இல்லை, பிஸ்டன் குரூவ் நன்றாக இருக்கிறது என்றால் இதுவே போதும். 0.15ஐத் தாண்டினால் வேண்டாம். இடையில் இருப்பது உங்கள் தேவையைப் பொறுத்தது: கல்யாணம், பண்டிகைக்கு வெளியே எடுக்கும் வண்டிக்குச் செய்யலாம், ராமேஸ்வரம் வாடகைக்கு ஓடும் வண்டிக்குச் செய்யக் கூடாது.

ஏன் அந்த எல்லை? தேய்ந்த போரில் ரிங் ஒவ்வொரு முறை மேலே போகும்போதும் விரிந்து, கீழே வரும்போது சுருங்க வேண்டும். வாய் இடைவெளியை அகன்ற மேல் பகுதியில் அளந்து வைத்தால், குறுகிய அடிப்பகுதிக்கு வரும்போது இரண்டு முனைகளும் முட்டிக்கொள்ளும். ரிங் உடையும், இல்லாவிட்டால் போரைச் சுரண்டும். அதனால் தேய்ந்த போரில் இடைவெளியை அடியில்தான் வைக்க வேண்டும்.

இந்த வழியின் மறைமுகச் செலவு மேல் விளிம்பில் இருக்கிறது. விரல் நகத்தை ஓட்டினால் ஒரு படி தட்டும். பழைய டாப் ரிங் அங்கே வரைதான் போனது. புதிய ரிங்கின் மேல் ஓரம் கூர்மையானது, அந்தப் படியில் மோதும். முதல் நூறு கிலோமீட்டருக்குள் 'டிக் டிக்' என்று சத்தம் வந்து டாப் ரிங்கோ, அதற்கடுத்த லேண்டோ (குரூவ்களுக்கு நடுவே உள்ள மேடு) உடைந்தால் காரணம் இதுதான். ரிட்ஜ் ரீமரால் படியை எடுத்த பிறகே பிஸ்டனை வெளியே தள்ள வேண்டும். படியை எடுக்காமல் மேலே தட்டினால் பழைய பிஸ்டனும் போய்விடும்.

இதைச் செய்து, ஆறு மாதத்தில் மறுபடி ஆயில் குடித்தால், கேஸ்கெட் செட், ஆயில், கூலி எல்லாம் இரண்டாம் முறை. மலிவான வழி அப்போது மலிவாக இருக்காது.

வழி 2: ரீபோர், ஓவர்சைஸ் பிஸ்டன்

தேய்மானம் 0.15க்கு மேல், அல்லது குழி மேலோட்டமானது, ஜாக்கெட் சுவர் திடமாக இருக்கிறது என்றால் இதுதான் சரியான வழி. பி-சீரீஸுக்கு ஓவர்சைஸ் தவ் கணக்கில் வரும்: 10, 20, 30, 40. ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, 0.0254 மி.மீ. ஆகவே 20 தவ் என்பது 0.508, 40 தவ் என்பது 1.016 மி.மீ. 40இல் போர் 74.04 மி.மீ. ஆகி இன்ஜின் ஏறத்தாழ 1531 சிசி ஆகும். பத்மினிக்கு அளவு மில்லிமீட்டரில் இருக்கும். தவ் கணக்கோடு குழப்பிக்கொண்டு ஆர்டர் போட்டுவிட வேண்டாம்.

இந்த வழியில் மீறக் கூடாத ஒழுங்கு ஒன்று உண்டு: பிஸ்டன் செட் கையில் வந்து சேராமல் பிளாக்கை போருக்கு அனுப்பக் கூடாது. "முப்பதுக்குப் போட்டு வையுங்க, பிஸ்டன் வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தவர்கள், 30 கிடைக்காமல் 40க்கு மறுபடி போர் போட நேர்கிறது. கிடைத்தாலும், பெட்டியில் 30 என்று அச்சடித்திருப்பது பெயர்தான். நான்கு பிஸ்டன்களையும் மைக்ரோமீட்டரில், ஸ்கர்ட்டில், பிஸ்டன் பின்னுக்கு (பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் தண்டு) குறுக்காக அளந்து, அந்த அளவோடு கிளியரன்ஸை (பிஸ்டனுக்கும் போருக்கும் உள்ள இடைவெளி) கூட்டித்தான் போர் அளவு சொல்ல வேண்டும். சாதாரண வார்ப்பு அலுமினியப் பிஸ்டனுக்கு இந்த அளவு போரில் 0.04 முதல் 0.06 மி.மீ. கிளியரன்ஸ். செட்டோடு வந்த தாளில் வேறு எண் இருந்தால் அதுவே முடிவு. அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல இரண்டு மடங்கு விரியும். கிளியரன்ஸ் குறைந்தால் முதல் கோடை ஓட்டத்திலேயே பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கூடினால் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது 'லொட லொட' என்று பிஸ்டன் அடிக்கும். போர் கட்டர் 0.05 மி.மீ. குறைவாக நிறுத்தி, மிச்சத்தை ஹோனிங் எடுக்க வேண்டும் என்பதையும் பட்டறையில் சொல்லிவிடுங்கள்.

ஒரு சிலிண்டர் மட்டும் கெட்டிருந்தாலும் நான்கையும் ஒரே அளவுக்குக் கொண்டுபோவதே நல்லது. எடை வேறுபட்டால் ஆட்டம் வரும். அடுத்த முறை ரிங் வாங்கும்போது இரண்டு செட் தேட வேண்டியிருக்கும்.

மறைமுகச் செலவு போக்குவரத்து. ராமநாதபுரத்திலிருந்து மதுரை நூறு கிலோமீட்டருக்கும் மேல். பாம்பன், மண்டபத்துக்காரர்களுக்கு இன்னும் தூரம். பிஸ்டனைக் கையோடு கொண்டுபோனால் ஒரு நடை மிச்சமாகும். இன்னொரு செலவு எதிர்காலத்தில் இருக்கிறது: 40க்குப் போனபின் அடுத்த வேலை லைனர்தான். 20 போதுமான இடத்தில் "சுத்தமா வரட்டும்" என்று 40க்குப் போவது, பிளாக்கின் ஆயுளில் பாதியைச் சீவி எறிவது.

வழி 3: லைனர் இறக்கி ஸ்டாண்டர்டு

குழி ஆழமாகி 40இலும் மறையாது, அல்லது பிளாக் ஏற்கெனவே 40இல் இருக்கிறது என்றால் இது மட்டுமே மிச்சம். போரை அகலமாகக் கடைந்து, அடியில் ஒரு படி விட்டு, வார்ப்பிரும்பு டிரை லைனரை (தண்ணீர் நேரடியாகப் படாத லைனர்) பிரஸ்ஸில் இறுக்கி, பிளாக் முகத்தை லைனரோடு சமமாகச் சீவி, அப்புறம் ஸ்டாண்டர்டு பிஸ்டனுக்குப் போரும் ஹோனிங்கும். லைனர் வெளி அளவு துளையைவிட 0.05 முதல் 0.08 மி.மீ. பெரிதாக இருக்க வேண்டும். தளர்வாக இறங்கிய லைனர் சூட்டைக் கடத்தாது, ஓட்டத்தில் நகரும்.

ஜாக்கெட் சுவர் மெலிந்த பிளாக்கில் லைனருக்காகக் கடையும்போதே தண்ணீர் அறை திறந்துகொள்ளலாம். உப்புத் தண்ணீர் ஓடிய பிளாக்கை முதலில் பிரஷர் டெஸ்ட் செய்துவிட்டுக் கொடுங்கள். லைனர் இறக்கிய பிறகும் ஒருமுறை.

அதிகம் பேர் நினைத்துப் பார்க்காத ஒரு நடுவழியும் உண்டு. மூன்று சிலிண்டர் 20இல் சுத்தமாகும், ஒன்றில் மட்டும் ஆழக் குழி என்றால், அந்த ஒன்றுக்கு மட்டும் லைனர் இறக்கி, நான்கையும் 20க்கே போர் போடலாம். லைனர் அழுத்தும்போது பக்கத்துச் சிலிண்டர் சற்றே நெளியும் என்பதால் லைனர் முதலில், மற்ற மூன்றின் போர் அதற்கப்புறம். கடலோரத்தில் நின்ற வண்டிகளில் துரு பெரும்பாலும் வால்வு திறந்திருந்த சிலிண்டரில்தான் கடுமையாக இருக்கும். அவற்றுக்கு நாங்கள் முதலில் யோசிப்பது இதைத்தான்.

| பார்க்க வேண்டியது | ரிங் மட்டும் | ரீபோர் | லைனர் |
|---|---|---|---|
| மேல் தேய்மானம் | 0.08 மி.மீ.க்குள் | 0.15க்கு மேல் | எவ்வளவானாலும் |
| துருக்குழி | கறை மட்டும் | மேலோட்டம் | ஆழம் |
| ஜாக்கெட் சுவர் | தடை இல்லை | திடமாக இருக்க வேண்டும் | டெஸ்ட் கட்டாயம் |
| பிஸ்டன் | பழையது | ஓவர்சைஸ் செட் | ஸ்டாண்டர்டு செட் |
| வெளியூர் நடை | இல்லை | ஒன்று, திட்டமிட்டால் | ஒன்றுக்கு மேல் |
| மறைந்திருக்கும் செலவு | மீண்டும் பிரிப்பது | அடுத்த அளவு குறைவது | சுவர் திறந்துகொள்வது |

பிஸ்டனையும் ரிங்கையும் ஜோடி சேர்ப்பது

எந்த வழியில் போனாலும் கடைசியில் வெற்றி தோல்வி இங்கேதான்.

ரிங் அளவு போர் அளவோடு சேர வேண்டும். 20 தவ் ரிங்கை 30 தவ் போரில் போட்டால் விட்டம் 10 தவ் மட்டும் கூடுகிறது என்று தோன்றும். வாய் இடைவெளியோ 31 தவ், அதாவது 0.8 மி.மீ. கூடிவிடும். மறுபக்கம், 40 ரிங்கின் முனையை ராவி 30 போரில் திணிப்பவர்களும் உண்டு. அந்த ரிங் வட்டமாக உட்காராது. சந்தேகம் வந்தால் ரிங்கைப் போருக்குள் வைத்து, அடியில் ஒரு பல்பை எரியவிட்டு, கொட்டகையை இருட்டாக்கி மேலிருந்து பாருங்கள். வாய் தவிர வேறெங்காவது பிறை போல ஒளிக்கோடு தெரிந்தால் அது இந்தப் போருக்கான ரிங் இல்லை.

வாய் இடைவெளி: போரின் ஒவ்வொரு 25 மி.மீ.க்கும் 0.10 என்று வைத்தால் அம்பாசிடருக்கு 0.30, பத்மினிக்கு 0.27 மி.மீ. குறைந்தால் சின்ன அரத்தால் வெளிமுகத்திலிருந்து உள்நோக்கி ராவி, பிசிறை எடுக்கவும். ஒவ்வொரு ரிங்கையும் அது போகப்போகும் சிலிண்டரிலேயே அளக்க வேண்டும். சற்றுக் கூடினால் நஷ்டம் சிறிது; குறைந்தால் முனை முட்டி இன்ஜினே போகும்.

குரூவ் கிளியரன்ஸ்: ரிங்கை வெளிப்பக்கமாகக் குரூவில் செருகிச் சுற்றிலும் ஃபீலர் வைத்துப் பாருங்கள். 0.04 முதல் 0.08 மி.மீ. நல்லது. பழைய பிஸ்டனின் டாப் குரூவில் 0.12க்கு மேல் போனால் ரிங் உள்ளே குதித்துக்கொண்டே இருக்கும், பம்ப் போல ஆயிலை மேலே ஏற்றும். அங்குல, மெட்ரிக் கலப்படமும் இங்கேதான் மாட்டும். 1/16 அங்குலக் குரூவுக்கு ரிங் 1.588 மி.மீ. 'ஏறக்குறைய ஒன்றுதான்' என்று 1.5 மி.மீ. ரிங்கைக் கொடுத்தால் கிளியரன்ஸ் 0.09 கூடுதலாகிவிடும். கார்பனைச் சுரண்ட உடைந்த பழைய ரிங் துண்டு நல்ல கருவி. அலுமினியத்தைச் சேர்த்துச் சுரண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதிய பிஸ்டனில் பின் விட்டம், பின் மையத்திலிருந்து தலை வரை உள்ள உயரம், தலையின் குழிவு மூன்றையும் பழையதோடு வைத்து அளக்கவும். போர் ஒன்றாக இருந்தும் உயரம் மாறிய பிஸ்டன் கம்ப்ரஷனைக் குறைக்கும், இல்லாவிட்டால் நாக்கிங் கொண்டுவரும். நான்கின் எடையையும் நகைத் தராசில் நிறுத்து, அதிகபட்சம் 4 கிராம் வித்தியாசத்துக்குள் வையுங்கள். பழைய 1489 சிசியில் கனெக்டிங் ராடு பின்னைக் கிளாம்ப் போல்ட்டால் பிடிக்கும். பின்னின் காடி போல்ட்டுக்கு நேராக நிற்க வேண்டும். இறுக்கும்போது ராடை வைஸில் பிடித்தால் ராடு முறுகும்.

ரிங் வகையில் எங்கள் முடிவு தெளிவானது. லேசாக ஹோன் செய்த பழைய போருக்குச் சாதா வார்ப்பிரும்பு ரிங். அது சீக்கிரம் பதியும். புதிதாகப் போர் போட்டு நிறைய ஓடப்போகும் வண்டிக்கு டாப் ரிங் மட்டும் குரோம். நாள் படும், ஆனால் பதிய நேரம் எடுக்கும். ஹோனிங் கோடுகள் குறுக்கு வெட்டாக, 45 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். வார்ப்பிரும்புக்கு 220 முதல் 280 கிரிட் கல். வழவழப்பாக மெருகேற்றிய போரில் குரோம் ரிங் பதியவே பதியாது.

மாட்டும்போது 'டாப்' என்று பொறித்த பக்கம் மேலே. டேப்பர் ரிங்கை (முகம் லேசாகச் சாய்ந்த ரிங்) தலைகீழாகப் போட்டால் ஆயிலைக் கீழே வழிப்பதற்குப் பதில் மேலே அள்ளும். மூன்று துண்டு ஆயில் ரிங்கில் நடு ஸ்பிரிங்கின் முனைகள் முட்டி நிற்க வேண்டும், ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது. வாய்களைச் சுற்றிலும் பிரித்து வையுங்கள். பின்னுக்கு நேராகவும், பிஸ்டன் அழுத்தும் பக்கத்திலும் வாய் வேண்டாம்.

உப்புக்காற்றில் பிளாக்கைக் காப்பது

புதிதாக ஹோன் செய்த போர் வெறும் இரும்பு. மதுரையிலிருந்து மாலையில் வெள்ளி போலப் பளபளத்து வந்த பிளாக்கைத் திறந்தே வைத்தால், வாடைக்காற்று வீசும் மாதங்களில் மறுநாள் காலையே கைக்குட்டையில் செம்பொடி ஒட்டும். பட்டறையிலேயே ஆயில் பூசி, பாலித்தீனில் சுற்றி, வாயைக் கட்டித்தான் வண்டியில் ஏற்ற வேண்டும். பெட்டிக்குள் வருஷக்கணக்கில் கிடந்த பழைய ஸ்டாக் ரிங் வாங்கினால் ஒவ்வொன்றையும் விளக்கடியில் பாருங்கள். முகத்தில் துருப்புள்ளி இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஹோனிங் தூள் பெட்ரோலில் போகாது. பெட்ரோல் அதைக் கோட்டுக்குள் இன்னும் ஆழமாக இறக்கும். சுடுதண்ணீர், சோப்பு, பிரஷ். தண்ணீர் நல்ல தண்ணீராக இருக்கட்டும், போர்வெல் உப்புத் தண்ணீர் வேண்டாம். கழுவியதும் துடைத்து, ஆயில் தோய்த்த வெள்ளைத் துணியால் தேயுங்கள். துணி சாம்பல் நிறமாக வந்தால் தூள் இன்னும் இருக்கிறது. வெள்ளையாகவே வரும்வரை விடாதீர்கள்.

முதல் ஓட்டம்

20டபிள்யூ-50 மினரல் ஆயில் போதும். பதியும்வரை சிந்தெடிக் வேண்டாம். ஸ்டார்ட் ஆனதும் நீண்ட நேரம் ஐடிலில் விடக் கூடாது. ரிங்கைப் போர்மேல் அழுத்துவது சிலிண்டருக்குள் எரிந்த வாயுவின் அழுத்தம். சுமை இல்லாவிட்டால் அழுத்தம் இல்லை, போர் கண்ணாடியாகிவிடும். ராமநாதபுரம்–மண்டபம் சாலையில் மேடே கிடையாது என்பதால் சுமையை ஆக்ஸிலேட்டரால்தான் உண்டாக்க வேண்டும்: டாப் கியரில் 40இலிருந்து 60க்கு ஏற்றி, காலை எடுத்து 40க்கு இறங்கவிட்டு, இப்படிப் பத்துப் பதினைந்து முறை. 500 கிலோமீட்டரில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, ஹெட் போல்ட்டையும் டேப்பட்டையும் சரிபாருங்கள்.

1500 கிலோமீட்டர் தாண்டியும் ஆயில் இறங்கிக்கொண்டே இருந்தால் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பாருங்கள். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்த்து, எண் ஏறினால் அந்த ஒரு பிஸ்டனை மட்டும் வெளியே எடுத்து ரிங்கின் வாயையும் 'டாப்' பக்கத்தையும் சோதியுங்கள். ஏறாவிட்டால் பிளாக்கைத் தொட வேண்டாம், வால்வுப் பக்கம் போங்கள்.